தொலைக்காட்சியில் பழம்பொருள் மதிப்பீடும் ஏலமும்: மேசை முதல் சுத்தியல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் தொலைக்காட்சிக்காகப் பழம்பொருள்களை மதிப்பிடவும் ஏலம் விடவும் புதிதாக வருகிறவர்களுக்குப் பொருளறிவு குறைவு என்று சொல்ல முடியாது. அவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். எதை முதலில் கேட்பது, எதைப் பார்த்த பிறகு எதைச் சொல்வது, எந்தக் காகிதம் கைக்கு வரும்வரை வாய் திறக்கக் கூடாது என்ற ஒழுங்கு குலையும்போது, நன்றாகத் தெரிந்த பொருளிலும் சறுக்கிவிடுகிறார்கள். விலை இந்த வேலையின் கடைசிச் சொல். அதை முதலிலேயே உதிர்த்துவிட்டால், அதற்குப் பின் பேசுவதெல்லாம் சொன்ன விலைக்குச் சமாதானம் தேடுவதாகவே முடியும். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றச் சொல்வதற்கு அதுவே காரணம்.

1. இரண்டு வகைகளை எடுத்துக்கொண்டு கையைப் பழக்குங்கள்

எல்லாப் பழம்பொருளும் தெரியும் என்று வருகிறவரைத் தயாரிப்பாளர் முதல் வாரம் விரும்புவார். மூன்றாம் வாரம் அஞ்சுவார். விளக்கும் பாத்திரமும், கடிகாரமும் கிராமபோனும், நாணயமும் பழங்காகிதமும் என்று ஏதேனும் இரண்டு வகைகளை உங்களுடையவை ஆக்கிக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு யாரைக் கேட்பது என்ற பட்டியல் போதும்.

கண்ணைப் பழக்க எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள வெண்கலக் கூடத்தில் ஒரே சிலையின் முன் அரைமணி நேரம் நின்று, அதன் பின்புறமும் பீடமும் எப்படி முடிக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். முகத்தை எல்லாரும்தான் பார்க்கிறார்கள். ஆனால் கண்ணாடிக்குள் இருப்பதைத் தூக்கிப் பார்க்க முடியாது. கையைப் பழக்கக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய், பித்தளையும் வெண்கலமும் எனாமலும் அடுக்கிய கடைகளில் அனுமதி கேட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். இவ்வளவு பெரிய சொம்புக்கு இந்தக் கனம் போதாது என்று மூளைக்கு முன்பே மணிக்கட்டு சொல்லத் தொடங்கும்வரை கேமராவுக்கு முன்னால் வர வேண்டாம். தளத்தில் ஒரு பொருளுக்குக் கிடைப்பது நான்கைந்து நிமிடங்களே. அங்கே கற்றுக்கொள்ள நேரம் இராது.

2. எதைத் தொடக் கூடாது என்பதை முதலில் அறியுங்கள்

சட்டத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவதுதான் நான் கண்ட பிழைகளில் மிகவும் செலவு வைப்பது. ஒளிப்பதிவு முடிந்த பிறகு பொருள் விற்கக் கூடாதது என்று தெரிந்தால், ஒரு நாள் படப்பிடிப்பும் போகும், உங்கள் பெயரும் போகும்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப் பொருள் முதலியவை நூறாண்டுக்குக் குறையாதவையாக இருந்தால் தொல்பொருள்கள் ஆகும். கையெழுத்துப் படிகளுக்கும் ஆவணங்களுக்கும் எல்லை 75 ஆண்டுகள். தொல்பொருளை விற்கும் தொழிலுக்கும், விற்பனைக்கு என்று முன்வைப்பதற்கும் உரிமம் வேண்டும். இந்த நூறாண்டுக் கணக்கு நகர்ந்துகொண்டே இருப்பது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐந்தாண்டுக்கு முன் உரிமம் இன்றி ஏலத்தில் வைத்த அதே வகைப் பொருள் இன்று எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும். ஆகவே உரிமம் இல்லாத ஏலத்தில் எல்லைக்கு அருகே நிற்கும் எதையும் நான் பட்டியலில் சேர்ப்பதில்லை. அதை மதிப்பீட்டுப் பகுதியில் மட்டும் காட்டலாம்.

சிலைகளும் ஓவியங்களும் பதிவு செய்யப்பட வேண்டிய வகைகளில் வருகின்றன. கைமாறும்போது பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டியது மாற்றிக்கொடுப்பவரின் கடமை. பழைய செப்புத் திருமேனி ஒன்று மேசைக்கு வந்தால், பதிவுச் சான்றைக் கேளுங்கள்; சான்று இல்லையென்றால் ஒளிப்பதிவே வேண்டாம். கோயில்களிலிருந்து களவு போன திருமேனிகளைத் தேடுவதற்கென்றே தமிழ்நாட்டுக் காவல்துறையில் 1983 முதல் ஒரு தனிப் பிரிவு இயங்கி வருகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்த பழைய கோயில் புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பல திருமேனிகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. நீங்கள் அழகாகச் சுழற்றிக் காட்டும் அந்த முப்பது விநாடிக் காட்சியும் ஒரு நாள் அப்படி ஒப்பிடப்படும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

தந்தம் இன்னொரு கண்ணி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இந்திய யானைத் தந்த வணிகம் 1986 திருத்தத்தாலும், இறக்குமதித் தந்த வணிகம் 1991 திருத்தத்தாலும் தடை செய்யப்பட்டன. விசாகப்பட்டினத்துத் தந்த வேலைப்பாட்டுப் பெட்டி எத்தனை பழையதாக இருந்தாலும் ஏல மேசைக்கு வரக் கூடாது. பெட்டி முழுவதும் தந்தமாக இருக்க வேண்டியதில்லை, ஓரத்தில் பதித்த பட்டை போதும். வாள், கட்டாரி, துப்பாக்கி ஆகியவற்றை ஆயுதச் சட்ட நிலையை எழுத்தில் உறுதி செய்யாமல் தளத்துக்குள் விடாதீர்கள்.

“வீட்டுக்கு வானம் தோண்டும்போது கிடைச்சதுங்க” என்று ஒருவர் தொடங்கினால், அந்த வாக்கியத்தோடு உரையாடலை நிறுத்துங்கள். மண்ணுக்கடியில் கிடைத்து, மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டும் எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. பத்து ரூபாய் என்பது எழுத்துப் பிழையன்று. சட்டத்தில் உள்ள தொகையே அது.

3. படப்பிடிப்புக்கு முன் கையெழுத்தாக வேண்டிய காகிதங்கள்

தயாரிப்பு நிறுவனத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நீங்கள் சொல்லும் மதிப்பைத் தொகுப்பின்போது மாற்றவோ, முன்னும் பின்னும் வெட்டி வேறு பொருளோடு ஒட்டவோ கூடாது என்பது ஒன்று. நீங்கள் மதிப்பிட்ட பொருளை நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ வாங்க மாட்டீர்கள் என்பது மற்றொன்று. இரண்டாவதை நிறுவனம் கேட்காவிட்டாலும் நீங்களே எழுதச் சொல்லுங்கள். குறைத்து மதிப்பிட்டுத் தானே வாங்கிக்கொண்டார் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் அடங்காது.

பொருள் கொண்டுவருபவரிடம் பெற வேண்டியது உரிமை உறுதிமொழியும் ஒளிபரப்பு ஒப்புதலும். இரண்டும் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு “எனக்குப் படிச்சுச் சொல்லலை” என்பவர்களைக் குறை சொல்லவே முடியாது. உறுதிமொழியில் “இப்பொருள் பாகப்பிரிவினையில் எனக்கு வந்தது” அல்லது “உடன்பிறந்தோர் அனைவரும் இசைந்துள்ளனர்” என்ற வரி அவசியம். ஒளிபரப்பின் மறுநாள் காலையில் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அண்ணன் அழைப்பார். எப்போதும் அழைப்பார்.

4. மேசையும் கையும்

மேசை மீது கருநீல அல்லது சாம்பல் நிற வெல்வெட் விரிப்பு வேண்டும்; வெள்ளை விரிப்பில் வெள்ளிப் பொருள் காணாமல் போகும். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். அவை பொருளைக் கீறும். சட்டையில் மாட்டிய மைக்கிலும் வளையல் ஒலி விழும். உலோகத்துக்கும் பழைய புகைப்படத்துக்கும் நைட்ரைல் கையுறை வேண்டும், ஏனெனில் சென்னை வியர்வையின் உப்பு வெள்ளியிலும் பித்தளையிலும் விரல் தடம் பதித்துவிடும். பழங்காகிதத்துக்குக் கழுவித் துடைத்த வெறுங்கையே நல்லது. கையுறை போட்ட விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாமல் கிழிந்துவிடும். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி, சிறிய டார்ச், காந்தம், தராசு, அளவுநாடா ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பொருள் வந்தவுடன் எண் கட்டி, நான்கு பக்கமும் அடியும் படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள நெளிவையும் விரிசலையும் உரிமையாளர் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இந்தப் படியை அவசரத்தில் விட்டதற்கு நான் கொடுத்த விலை சிறியதன்று. ஒரு படப்பிடிப்புத் தளத்தில், விளக்குகள் எரிந்து எல்லாரும் காத்திருந்த நிலையில், ஆளுயரத்தில் பாதி இருந்த குத்துவிளக்கை அதன் தண்டைப் பிடித்துத் தூக்கினேன். தண்டின் மரை தேய்ந்திருந்தது. மேல்பாதி என் கையில் வந்தது. அகல் தட்டு சாய்ந்து, உச்சியில் இருந்த அன்னம் தெறித்துத் தரையில் விழுந்து அலகு வளைந்தது. அலகு முன்பே வளைந்திருந்ததா என்ற கேள்விக்கு என்னிடம் படம் இல்லை. பழுதுச் செலவை நான்தான் ஏற்றேன். அன்று முதல், எந்தப் பொருளானாலும் ஒரு கை அடியிலும் ஒரு கை நடுவிலும் வைத்துத்தான் தூக்குகிறேன். கைப்பிடியையும் உச்சியையும் நம்புவதில்லை.

5. பார்க்கும் வரிசை: அடி, இணைப்பு, எழுத்து, பிறகு கதை

புதியவர்கள் உரிமையாளரின் கதையை முதலில் கேட்கிறார்கள். கேட்டபின் கண் அந்தக் கதைக்கு ஏற்பவே பார்க்கத் தொடங்குகிறது. “நூற்றைம்பது வருஷப் பொருள்” என்று காதில் விழுந்துவிட்டால், அடியில் இருக்கும் புது மரைகூடப் பழையதாகத் தெரியும். ஆகவே முதல் ஐந்து நிமிடம் பேசாமல் பார்ப்பது நல்லது. கேமரா இல்லாத அறையில், உரிமையாளர் தேநீர் அருந்தும்போது இதைச் செய்துவிடுங்கள்.

முதலில் அடிப்பாகம். பளபளப்பும் கறையும் மேற்புறத்தில் எளிதாகச் செய்துவிடக்கூடியவை. புளியும் அமிலமும் மண்ணும் ஒரு மாதத்தில் ஒரு சிலையை முதுமையாக்கிவிடும். ஆனால் அடியில் தேய்மானம் தரையில் படும் இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். குழிக்குள்ளும் மேட்டிலும் ஒரேயளவு தேய்ந்திருந்தால் அது கையால் தேய்த்தது. குத்துவிளக்கில் பாதம், தண்டு, தட்டு, அன்னம் ஆகிய நான்கின் உலோக நிறத்தையும் மரையையும் ஒப்பிடுங்கள். பழைய பாதமும் புதிய அன்னமும் சேர்ந்த விளக்குகள் கடைகளில் நிறையவே உண்டு. அது மோசடி என்று உடனே சொல்லிவிட வேண்டாம். வீட்டில் அன்னம் தொலைந்து பாத்திரக் கடையில் புதிது வாங்கிப் பொருத்தியிருப்பார்கள். ஆனால் விலை மாறும்.

அடுத்தது எழுத்து. தமிழ் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் மதிப்பீட்டாளருக்குக் கிடைத்த கொடை. உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர், ஆண்டுக்கணக்கில் புளி போட்டுத் துலக்கியதில் ஓரம் மழுங்கி, விரலுக்குத் தட்டுப்படாமல் கண்ணுக்கு மட்டும் தெரியும். புதிதாக வெட்டி அழுக்கேற்றியதில் புள்ளியின் விளிம்பு நகத்தில் இடறும். நகரத்தார் வீட்டுப் பொருளாக இருந்தால் விலாச எழுத்துகள், அதாவது குடும்பத்தின் முன்னெழுத்துகள் இருக்கும். அவற்றைக் கொண்டு குடும்பத்தையே கண்டுபிடித்துவிடலாம்.

எழுத்து காலத்தையும் காட்டும். எடையைச் சேர், வீசை, பலம் என்று குறித்திருந்தால், மெட்ரிக் முறை 1958இல் தொடங்கி 1962இல் முழுமையாக நடைமுறைக்கு வருவதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். கிலோ என்று இருந்தால் பிந்தையது. விளம்பரத் தகட்டில் விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன்னால் போகவே முடியாது. ‘லை’, ‘ணை’ முதலியவை தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ஆனால் பெரியாரின் ஏடுகள் 1935 முதலே புதிய வடிவங்களைப் பயன்படுத்தின, கையால் எழுதுவோர் 1978க்குப் பின்னும் பழையதை விடவில்லை. ஆகவே இந்தச் சான்று துணைக்கு மட்டும். எனாமல் தட்டின் அடியில் செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை இருந்தால், அந்த நாடே 1918இல்தான் பிறந்தது.

போலிகளில் தொலைக்காட்சி மேசைக்கு அடிக்கடி வருபவை மூன்று. முதலாவது, ஒருபுறம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ, மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் அரை அணா என்ற மதிப்பும் 1818 போன்ற ஓர் ஆண்டும் கொண்ட செப்புக் காசு. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவில்லை. அவை பிற்காலத்தில் விற்பனைக்காகச் செய்த வில்லைகள். சென்னையில் கம்பெனி அச்சடித்த வராகன்களில் தெய்வ உருவம் இருந்தது உண்மை, குழப்பத்துக்குக் காரணமும் அதுவே; ஆனால் அவை சுண்டுவிரல் நகமளவு பொற்காசுகள். இந்தச் செப்பு வில்லை அரிசியை ஈர்க்கும், வெளிநாட்டில் கோடிக்கு வாங்குவார்கள் என்று ‘ரைஸ் புல்லிங்’ பேர்வழிகள் ஊர் ஊராக ஏமாற்றியிருக்கிறார்கள். உரிமையாளர் அந்த வலையில் பணம் கட்டியவராகவும் இருக்கலாம் என்பதால், கேமராவுக்கு முன்னால் சிரிக்காமல், தனியே அழைத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நாய்ப் படம் பொறித்த பித்தளைக் குழல் கிராமபோன். பெட்டியைத் திறந்தால் உள்ளே கையடக்கப் பெட்டி கிராமபோனிலிருந்து பிடுங்கிய மோட்டார் இருக்கும். குழல் கண்ணாடி போல் பளபளக்கும். சின்னம் பொறித்த தகட்டின் திருகாணிகள் நேற்று முடுக்கியவை போல் இருக்கும். இவற்றுள் சில, படப்பிடிப்புச் சாமான் வாடகைக் கடையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவை.

மூன்றாவது, சட்டம் போட்ட ரவிவர்மா அச்சுப்படம். ரவிவர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியது. பெருக்குக் கண்ணாடியை லட்சுமியின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். அக்காலக் கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சிடும் முறை) புள்ளிகள் மணல் தூவியது போல் ஒழுங்கின்றி, அளவு மாறி மாறி இருக்கும்; பிற்கால ஆஃப்செட்டில் புள்ளிகள் வரிசை பிடித்துச் சிறு பூக்கள் போலக் கூடியிருக்கும். ஒருமுறை பார்த்தவருக்கு இது மறக்காது. கேமரா அந்தப் பூக்களைக் காட்டினால் நேயருக்கும் மறக்காது.

இவ்வளவும் ஆன பிறகு கதையைக் கேளுங்கள். “அம்மா, இந்த விளக்கு உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?” என்ற கேள்வி போதும். “எங்க மாமியாருக்குச் சீரா வந்ததுங்க. அவங்க பொறந்த வீடு தேவகோட்டை.” கல்யாணம் எந்த ஆண்டு, பத்திரிகை இருக்கிறதா, அந்தக் காலத்துப் படத்தில் விளக்கு தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், அடியில் கண்ட எழுத்தும் கதையும் சேரும் இடம் தெரிந்துவிடும். சேராவிட்டால், பொருள் சொல்வதை நம்புங்கள். ஆனால் மாமியாரைப் பொய்யராக்காத சொற்களில் பேசுங்கள்.

6. விலையை எப்போதும் இரண்டு எண்களுக்கிடையே சொல்லுங்கள்

விலைகள் மூன்று: உருக்கினால் வரும் விலை, ஏலத்தில் கிடைக்கக்கூடிய விலை, காப்பீட்டுக்கான மாற்று விலை. எதைச் சொல்கிறீர்கள் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால், உரிமையாளர் மிகப் பெரியதைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார். ஆங்கிலேயர் கால வெள்ளி ரூபாய் 11.66 கிராம், 1939 வரையில் ஆண்டு பொறித்தவற்றில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதன் பிறகு வந்தவற்றில் பாதிதான். எனவே தரையாக இருக்கும் விலையைத் தராசே சொல்லிவிடும். அதற்கு மேல் ஆண்டும் அச்சகமும் நிலைமையும் சேர்ப்பதே உங்கள் வேலை. 1862 என்று பொறித்த ரூபாய்க்கு அதே ஆண்டில் அடித்தது என்று தனி மதிப்பு போட்டுவிடாதீர்கள்; அந்த ஆண்டெண்ணை மாற்றாமலே 1874 வரை அடித்தார்கள்.

முன்பு ஏலத்தில் உண்மையில் முடிந்த தொகைகளை மட்டும் அடிப்படையாகக் கொள்ளுங்கள். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை அவருடைய ஆசைதான். ஒப்பிட எதுவும் கிடைக்காதபோது, “இதற்கு இன்று என்னால் விலை சொல்ல இயலாது” என்று கேமரா முன் சொல்லலாம். அந்த ஒரு வரி உங்கள் மற்ற விலைகளுக்கெல்லாம் வலுச் சேர்க்கும். தயாரிப்பாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

7. கேமராவுக்கு முன்னால்

1979 முதல் பிபிசியில் வரும் ஆன்டிக்ஸ் ரோட்ஷோ நிகழ்ச்சியைக் கவனித்தால், நிபுணர் பொருளைப் பற்றிப் பேசி முடித்து, விலையைக் கடைசியில் சொல்வதைக் காணலாம். விலைக்குப் பின் நேயர் உரிமையாளரின் முகத்தைத்தான் பார்ப்பார். பொருளைப் பற்றிய பேச்சு காதில் ஏறாது. நம் நிகழ்ச்சிகளிலும் இதே ஒழுங்கைக் கேட்டு வாங்குங்கள்.

பொருளை உங்கள் பக்கம் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். அடையாளத்தைக் காட்டும்போது அதை மறைக்காத கோணத்தில் விரலை வைத்து, மூன்று விநாடி அசையாமல் நில்லுங்கள். படத்தொகுப்பாளருக்கு வெட்ட இடம் வேண்டும். நெருக்கக் காட்சிகளைப் பின்னர் தனியே எடுப்பார்கள் என்பதால், முதலில் எந்தக் கையில் பிடித்தீர்கள் என்பதை உதவி இயக்குநரிடம் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஒளி பட்டுத் தெறிக்கும் வெள்ளிக்கு விளக்கை நகர்த்தச் சொல்லுங்கள். பவுடர் பூசும் யோசனையை ஒளிப்பதிவு உதவியாளர் சொன்னால் மறுத்துவிடுங்கள். காதுக்கருவியில் இயக்குநரின் குரல் வரும்போது பேச்சை நிறுத்தாமல் தொடர்வதற்கு வீட்டில் வானொலியைக் காதில் மாட்டிக்கொண்டு பேசிப் பழகலாம். எனக்கு அது வர இரண்டு மாதம் ஆயிற்று.

உரிமையாளரின் தெருப் பெயரும் வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்பதும் ஒளிபரப்பில் வரக் கூடாது. ஊர்ப் பெயர் போதும்.

8. ஏலம் விடுதல்

ஏலத்துக்கு முந்தைய நாளுக்குள் பொருள் பட்டியல், ஒவ்வொன்றின் நிலைமைக் குறிப்பு, தொடக்க விலை, விற்பவர் ஏற்கும் அடிவிலை, கமிஷன், வரி, பொருளை எடுத்துச் செல்ல வேண்டிய நாள் ஆகியவை அச்சாகிவிட வேண்டும். ஏலம் கேட்பவர்கள் அடையாளச் சான்று காட்டி, முன்பணம் கட்டி, எண் அட்டை பெற வேண்டும். அட்டை இல்லாத கையை நீங்கள் பார்க்கவே கூடாது. அவர் நெற்றி வியர்வையைத் துடைத்திருக்கலாம்.

ஏற்றத்தின் படியைத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள்: ஐயாயிரம் வரை இருநூறு, அதற்கு மேல் ஐந்நூறு, இருபதாயிரத்துக்கு மேல் ஆயிரம் என்பது போல. எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் கேட்பு இருந்தால், அவர்கள் சார்பாகக் கேட்பவர் யார் என்பதையும் சொல்லிவிடுங்கள். தொகையைச் சொல்லும்போது கேட்டவரின் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “எட்டாயிரம், பதினேழாம் எண், எட்டாயிரத்து ஐந்நூறு, நாற்பதாம் எண்.” எண் ஒலிப்பதிவில் இருந்தால் பிறகு தகராறு இல்லை. “ஒரு தரம், இரண்டு தரம்” என்பவற்றுக்கிடையே உண்மையாகவே நிறுத்துங்கள். அமைதிக்கு அஞ்சிப் புதியவர்கள் வேகமாக ஓட்டுகிறார்கள். அந்த நான்கு விநாடி அமைதியில்தான் இன்னொரு கை உயரும். “மூன்று தரம்” என்றதும் சுத்தியல்.

இங்கேதான் தொலைக்காட்சிக்கும் ஏலத்துக்கும் மோதல் வருகிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64ஆம் பிரிவின்படி, சுத்தியல் விழும்போது விற்பனை முடிகிறது. அதுவரை கேட்டவர் தம் கேட்பைத் திரும்பப் பெறலாம். இயக்குநரோ சுத்தியல் விழுந்தவுடன் “சார், ஒன்ஸ் மோர்” என்பார். மறுமுறை தொகையைச் சொல்லித் தட்டினால், எந்தத் தட்டில் விற்பனை முடிந்தது என்ற கேள்விக்கு இடம் கொடுத்துவிடுகிறீர்கள். ஆகவே உண்மையான ஏலத்தை இரண்டு மூன்று கேமராக்களில் ஒரே ஓட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். சுத்தியலின் நெருக்கக் காட்சி வேண்டுமானால், எல்லாம் முடிந்த பிறகு, பேச்சின்றி, வெறும் மேசையில் தட்டிக் கொடுங்கள்.

அரங்கம் காலியாகத் தெரிகிறது என்று துணை நடிகர்களை அமர்த்துவது நம் ஊர்த் தளங்களில் சாதாரணம். அவர்கள் கைதட்டலாம், தலையசைக்கலாம், கேட்கக் கூடாது. விலையை உயர்த்துவதற்காக விற்பவர் பக்கத்தில் பொய்க் கேட்பு நடந்தால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்துவிடலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. தனக்காகக் கேட்கும் உரிமையை விற்பவர் முன்கூட்டியே வெளிப்படையாக அறிவித்திருந்தால் அது வேறு. ஒருமுறை “கொஞ்சம் சூடு ஏத்தணும் சார், ரெண்டு பசங்க கை தூக்கட்டும்” என்று தளத்தில் ஒருவர் சொன்னபோது, நான் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றேன். கால்மணி நேரத்தில் அழைத்தார்கள். அந்தப் பையன்களுக்கு எண் அட்டை தரப்படவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் உள்ளே சென்றேன். நேரலையில் நேயர்களின் தொலைபேசிக் கேட்பைச் சேர்ப்பதையும் தவிர்க்கிறேன். வீட்டுத் திரைக்குக் காட்சி சில விநாடிகள் தாமதமாகவே போவதால், அவர்கள் கேட்கும்போது இங்கே விலை மாறியிருக்கும்.

அடிவிலை எட்டாத பொருளை “விற்கவில்லை” என்றே அறிவியுங்கள். விற்றது போல் காட்டிவிட்டுப் பிறகு திருப்பிக் கொடுத்தால், அடுத்த வாரம் யாரும் மனமாரக் கேட்க மாட்டார்கள்.

9. சுத்தியலுக்குப் பிறகு

இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. தொகையைத் துண்டு துண்டாக வாங்கினாலும் ஒரே விற்பனைதான். பணம் வங்கிக்கு வந்த பின்பே பொருள் வெளியேற வேண்டும். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பார்க்கும் நம்மவர்கள் அனுப்பி வைக்கச் சொல்வார்கள். தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய வழியில்லை. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. பழையதாகத் தோன்றும் புதுப்பொருளுக்கும், அது தொல்பொருள் அன்று என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பிறகே அனுப்புங்கள்.

ஒளிபரப்பில் நீங்கள் சொன்னது தவறு என்று ஒருவர் சான்றோடு எழுதினால், அடுத்த நிகழ்ச்சியில் அரை நிமிடம் கேட்டு வாங்கித் திருத்துங்கள். அந்த உரிமையாளருக்கும் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அவர் அதைத் தொலைக்காட்சியில் முதன்முதலாகக் கேட்கக் கூடாது. திரும்பிப் போகும் பொருள்களை வந்தபோது எடுத்த படத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்கி, குத்துவிளக்காக இருந்தால் அன்னத்தையும் தட்டையும் தண்டையும் கழற்றி ஒவ்வொன்றையும் தனித்தனிப் பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள். செய்தித்தாளில் சுற்றினால் சென்னை ஈரத்தில் மை பித்தளையில் ஒட்டிக்கொள்ளும்.